கூடி எழுதும் கொடிவழி

"உன் பெயர் யாது?" என்று ஒருவர் வினவினால் நொடியில் விடை கூறுகின்றோம். "தந்தையார் பெயர் யாது?" என்றாலும் தயங்குவதில்லை. பாட்டனார் பெயரையும் பெரும்பாலோர் அறிவர். "உன் பாட்டியைப் பெற்ற தாயின் பெயர் யாது?" என்று அடுத்த வினா எழும்போதோ, நம்முள் பலர் வாய்திறவாது நிற்கின்றோம். அவள் யாரோ ஒருத்தி அல்லள். நம் ஊர் வயலில் நாற்று நட்டவள். கேழ்வரகு திரித்துக் கூழ் காய்ச்சிப் பிள்ளைகளை வளர்த்தவள். அவள் இல்லையேல் நாமும் இல்லை. அத்தகையாள் ஒருத்தியின் பெயர் மூன்று தலைமுறைக்குள் மறைந்துபோவது முறையாகுமா?

ஒரு குடியில் இன்னாருக்கு இன்னார் பிறந்தார், இன்னாரை மணந்தார் என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வைப்பதற்குக் கொடிவழி என்று பெயர். பேச்சுவழக்கில் இதனை வம்சாவளி என்பர். பண்டை நாளில் இஃது அரசர்க்கே உரிய செல்வமாக இருந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில் வீரட்டானேசுவரர் கோயில் உள்ளது. அக்கோயிற் கல்வெட்டொன்று முதலாம் இராசராச சோழன் காலத்தில் பொறிக்கப்பட்டது. அம்மன்னனின் அன்னை வானவன் மாதேவி, மலையமான் குடியிற் பிறந்தவள் என்பதை அது நமக்கு அறிவிக்கின்றது. கபிலர் பாரியின் மகளை மலையர்குலத்து மன்னனுக்கு மணம்செய்து தந்த பின்னர்த் தீப்புகுந்தார் என்னும் செய்தியையும் அதே கல்வெட்டுத் தாங்கி நிற்கின்றது. ஓர் அரசனின் தாய் எக்குடியிற் பிறந்தாள் என்பதை ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் நாம் கூறலாம். ஆனால், அக்கோயிலுக்குக் கல் சுமந்தவனின் தாய் யார் என்பதை எவரும் கூற இயலாது. கல்லும் செம்பும் எளியோரை எழுதவில்லை.

எளியோர் கொடிவழியும் எழுதப்பட்ட இடங்கள் நம் நாட்டில் ஒருசில உண்டு. கங்கைக் கரையிலுள்ள அரித்துவாரத்தில் பண்டாக்கள் என்னும் புரோகிதர்கள், வஹி எனப்படும் நீண்ட ஏடுகளைப் பல தலைமுறைகளாகக் காத்து வருகின்றனர். நீராட வரும் ஒவ்வொரு குடும்பத்தாரும், சென்ற முறை வந்து போன பின்பு நிகழ்ந்த பிறப்பையும் இறப்பையும் திருமணத்தையும் அவ்வேட்டிற் சேர்ப்பர். தந்தை எழுதியதற்குக் கீழே மகன் எழுதுகிறான். அவனுக்குக் கீழே அவன் பெயரன் எழுதுகிறான். ஒருவர் எழுதாது பலரும் கூடி எழுதுவதே அவ்வேட்டின் சிறப்பு.

அவ்வேட்டை ஒத்ததொரு கருவி இன்று நம் கைக்கு எட்டும் தொலைவில் உள்ளது. இணையத்தில் கட்டணமின்றிக் கொடிவழி எழுதுவதற்குரிய தளங்கள் பல தோன்றியுள்ளன. விக்கிட்ரீ என்னும் தளம் 2008-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஃபேமிலிசர்ச் என்பது அமெரிக்க நாட்டுக் கிறித்தவத் திருச்சபை ஒன்று நடத்துவது. 1894-ஆம் ஆண்டில் ஏற்பட்ட யூட்டா கொடிவழிக் கழகத்தின் வழிவந்தது. உலகெங்கும் உள்ள பழைய பதிவேடுகளைப் படம்பிடித்துக் காப்பதும் அதன் பணி. அரித்துவாரத்து ஏடுகளையும் அக்கழகத்தார் படம்பிடித்துள்ளனர். ஜெனி என்பது 2007-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவற்றின் அடிப்படைக் கருத்து ஒன்றே. ஆளுக்கொரு மரம் நடுவதன்று. உலகத்தார் அனைவர்க்கும் பொதுவான ஒரே மரத்தைக் கூடி வளர்ப்பது. ஒருவருக்கு ஒரு பக்கந்தான் இருத்தல் வேண்டும். உறவினர் இருவர் தனித்தனியே ஒரே பாட்டனாருக்குப் பக்கம் திறந்திருப்பின், அவ்விரண்டையும் ஆராய்ந்து ஒன்றாக இணைப்பர். அவ்வாறு இணைக்கும் நொடியில், அதுவரை ஒருவரையொருவர் அறியாத இரு குடும்பங்கள் உறவாகின்றன.

கூடி எழுதுவது ஏன் தேவை? சிறிது கணக்கிட்டுப் பாருங்கள். நம்மைப் பெற்றோர் இருவர். அவரைப் பெற்றோர் நால்வர். அவர்க்கு மேல் எண்மர். இவ்வாறே இரட்டித்துக்கொண்டு போனால், ஐந்தாம் படியில் 32 பேரும் பத்தாம் படியில் 1,024 பேரும் வருவர். இத்தனை பேரைத் தனியொருவர் நினைவில் வைத்தல் ஒல்லுமா? ஆனால், அவ்வெண்மருள் ஒருவரைப் பெரியப்பா அறிவார். மற்றொருவரை அத்தை அறிவார். வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட சின்னம்மா மூன்றாமவரை அறிவார். அறிவு சிதறிக் கிடக்கின்றது. அதனை ஓரிடத்திற் சேர்ப்பதே கூட்டு முயற்சியின் பயன்.

நம் நாட்டில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஒருவன் தன் தாய்மாமன் மகளை மணந்தால், அவன் பிள்ளைக்குப் பூட்டன் பூட்டியராக எண்மர் இரார், அறுவரே இருப்பர். ஏனெனில், அவன் தாயைப் பெற்றோரும் அவன் மாமனைப் பெற்றோரும் ஒருவரே அல்லரோ? கிளைகள் பிரிந்து மீண்டும் பின்னிக்கொள்ளும் இம்மரத்தை, உறவுமுறை அறிந்த நம்மவரே பிழையின்றி வரைதல் கூடும்.

இனி, கல்வராயன் மலையை நோக்குவோம். கள்ளக்குறிச்சிச் சமவெளியிலிருந்து மேற்கே ஏறினால் வெள்ளிமலையை அடையலாம். இம்மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இவர்கள் கேரள நாட்டினர் அல்லர். மலையை ஆள்வோர் ஆதலின் இப்பெயர் பெற்றனர் என்பர். இவர்கள் பேசுவது தமிழே. நெடுங்காலம் இம்மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1976-ஆம் ஆண்டிலேயே முழுமையாக அரசின் நேர் நிருவாகத்தின்கீழ் வந்தது. ஆதலின், பிற ஊர்களிற் கிடைக்கும் அளவுக்குப் பழைய எழுத்துச் சான்றுகளை இங்கே எதிர்பார்த்தல் இயலாது. இங்கே ஏடு என்பது முதியோர் நெஞ்சமே. அவ்வேட்டைப் புரட்டுவதற்குக் காலம் தாழ்த்தலாகாது. ஒரு முதியவர் மறையும்போது அவருடன் ஓர் ஏட்டுக்கட்டே எரிந்து போகின்றது.

வெள்ளிமலைப் பள்ளியிற் பயிலும் மாணவி ஒருத்தி, மாலையில் தன் பாட்டியின் அருகில் அமர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

"ஆயா, உன்னைப் பெற்றவள் பெயர் என்ன?"

"இப்போது அது எதற்கு, கண்ணு? அவள் போய் அறுபது ஆண்டாகிறதே!"

"எழுதி வைக்கப் போகிறேன், ஆயா. எந்த ஊரிலிருந்து வந்தாள்? உடன்பிறந்தார் எத்தனை பேர்?"

முதலில் மறுத்த பாட்டி மெல்ல வாய்திறப்பாள். ஒரு பெயர் மற்றொரு பெயரை நினைவூட்டும். கருமந்துறைக்கு வாழ்க்கைப்பட்டவள் ஒருத்தி. பிழைப்புத் தேடிச் சமவெளிக்கு இறங்கியவன் ஒருவன். பிறந்து பெயரிடுமுன்னே மறைந்த மகவு ஒன்று. ஒரு மாலைப் பொழுதில் இருபது பெயர்கள் கிடைத்துவிடும். அவற்றை அம்மாணவி ஆசிரியரின் துணையோடு இணையத்தில் ஏற்றுவாளாயின், அந்தப் பெயர்களுக்கு இனி அழிவு எளிதில் நேராது.

இவ்வுழைப்பு நம் வீட்டளவில் நின்றுவிடுவதன்று. கடல் கடந்து வாழும் தமிழரை எண்ணிப் பாருங்கள். 1860-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட டிரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவிலுள்ள தர்பன் துறையை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாக நம் நாட்டினரை நேட்டாலுக்குக் கொண்டுசென்ற முதற் கப்பல் அது. அன்று தொடங்கி 1911-ஆம் ஆண்டு வரையில் ஏறத்தாழ 1,52,000 பேர் அங்குக் கரும்புத் தோட்டங்கள் முதலியவற்றிற்குச் சென்றனர். அவர்களுட் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவர்கள். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், அகவை, மாவட்டம், வட்டம், ஊர் ஆகியவை பட்டியலில் எழுதப்பட்டன. மொரீசியசுத் தீவிற்குச் சென்றோரின் ஆவணங்கள், மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் காக்கப்படுகின்றன.

அந்நாடுகளிற் பிறந்த நான்காம், ஐந்தாம் தலைமுறைத் தமிழர், "எங்கள் ஊர் யாது? அங்கே எம் உறவினர் உளரோ?" என்று இன்றும் தேடுகின்றனர். அவர்கள் கையில் கப்பற் பட்டியல் உண்டு. ஊரில் நின்றவர் செய்தி இல்லை. நம்மிடம், "பாட்டனுக்குத் தம்பி ஒருவன் கப்பலேறிப் போனான், திரும்பவில்லை" என்னும் வாய்மொழி உண்டு, பட்டியல் இல்லை. அறுந்த கயிற்றின் ஒரு முனை அங்கே உள்ளது. மறுமுனை இங்கே உள்ளது. ஒரு பொது மரத்தில் இருவரும் தத்தம் செய்தியை எழுதினாலன்றி, இவ்விரு முனைகளும் சந்திப்பது எவ்வாறு? கொடிவழியை ஒருவர் தம் பெட்டியிற் பூட்டி வைத்தலினும், பலரோடு கூடி எழுதுதலே சிறந்தது என்று நான் கூறுவதற்கு இஃதொன்றே போதிய காரணமாகும்.

எனினும், பலர் கூடி எழுதும் இடத்திற் பிழையும் கூடி வளரும். ஒருவர் ஆராயாது எழுதிய பொய்யை நூற்றுவர் படியெடுத்தால், அது மெய்போல் தோன்றிவிடும். ஆதலின், ஒவ்வொரு பெயருக்கும் சான்று காட்டுதல் வேண்டும். சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நிலப் பத்திரம், பட்டா, பள்ளிச் சான்றிதழ், பிறப்பு இறப்புப் பதிவு, சாதகக் குறிப்பு, பழைய திருமண அழைப்பிதழ் ஆகியவை வீட்டுப் பரணிலேயே கிடக்கும். மொய் எழுதிய குறிப்பேடு மற்றொரு களஞ்சியம். எந்த ஊரிலிருந்து எந்த உறவினர் வந்தார் என்பதை அது காட்டிக்கொடுக்கும். எழுத்துச் சான்று இல்லாதவிடத்து, "இன்ன ஆண்டில் இன்ன உறவினர் வாய்மொழியாகக் கேட்டது" என்று எழுதினாற் போதும். அதுவும் நேர்மையான சான்றே.

அரசர் எழுதியதாயினும் இந்நெறிக்கு விலக்கில்லை. 1905-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள், முதலாம் இராசேந்திரன் காலத்தவை. அவற்றில் 31 ஏடுகள் உள்ளன. அவை சோழர் கொடிவழியைக் கதிரவனிலிருந்து தொடங்குகின்றன. விசயாலயனுக்குப் பின் வந்தோரைப் பற்றிய செய்திகளை, அறிஞர் பிற கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு ஏற்கின்றனர்; கதிரவன் சோழர்க்கு முன்னோன் என்பதைப் புராணம் என்றே கொள்கின்றனர். கல்வராயன் மலை முதலிய இடங்களில் வாழும் மலையாளிகளிடமும் தொன்மைக் கதை ஒன்று வழங்குகின்றது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்றும், உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளிற் குடியேறினர் என்றும் அவர்கள் கூறுவர். தர்ஸ்டன் என்பார் 1909-ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலிலும் இக்கதை இடம்பெற்றுள்ளது. இதனைத் தள்ளிவிடவும் வேண்டா. மெய்ப்பிக்கப்பட்ட வரலாறாக மரத்தில் ஏற்றிவிடவும் வேண்டா. "எம் குடியினர் இவ்வாறு கூறுவர்" என்று தனியே குறித்து வைப்பதே முறை. மன்னன் செப்பேட்டையும் மலைவாழ் முதியவரின் கதையையும் ஒரே துலாக்கோலில் நிறுப்பதுதான் அறிவுடைமை.

பெயர்களிலும் ஊர்களிலும் விழிப்பாக இருத்தல் வேண்டும். பாட்டன் பெயரை ஏற்பவன் ஆதலினாலேயே பெயரன் என்னும் சொல் எழுந்தது. ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைதோறும் மீண்டும் வரும். எனவே, பிறந்த ஆண்டைச் சேர்த்து எழுதாவிடின் பாட்டனும் பெயரனும் ஒருவராகிவிடுவர். மேலைநாட்டாரைப் போல நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கின்றது. இத்தளங்களோ குடும்பப் பெயரைக் கேட்கும். அங்குத் தந்தை பெயரை எழுதுவதா, வேறொன்றை எழுதுவதா என்பதை உறவினர் கூடி முடிவு செய்து, அனைவரும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். கப்பற் பட்டியல் எழுதிய எழுத்தர்கள் தமிழ்ப் பெயர்களைத் தம் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதினர். ஆகவே, தமிழ் எழுத்திலும் பெயரைக் குறித்தல் நன்று. இன்று கள்ளக்குறிச்சி ஒரு மாவட்டம். அஃது உருவானது 2019-ஆம் ஆண்டில். அதற்கு முன் விழுப்புரம் மாவட்டத்திலும், 1993-ஆம் ஆண்டிற்கு முன் தென்னார்க்காடு மாவட்டத்திலும் இவ்வூர் அடங்கியிருந்தது. பழைய ஆவணங்களில் தென்னார்க்காடு என்றிருப்பதைக் கண்டு, "இது நம் ஊர் அன்று" என்று விட்டுவிடலாகாது.

பெண்டிரை மறந்து எழுதும் கொடிவழி அரைக் கொடிவழியே. "இன்னாருக்கு மூன்று ஆண்மக்கள்" என்று எழுதி, பெண்மக்களையும் தாயையும் விட்டுவிடும் பழைய வழக்கத்தை நாம் தொடர வேண்டா. மணமானபின் பெண்ணின் முதலெழுத்து மாறிவிடுவதால், அவள் பிறந்த வீட்டின் தடம் விரைவில் அழிகின்றது. அதனைக் கருதியே முதலில் அன்னையரின் பெயர்களைத் தேடி எழுதுங்கள்.

"நம் வீட்டுச் செய்தியை ஊரறிய வெளியிடலாமா?" என்று பெரியோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் பொருளற்றதன்று. உயிரோடிருப்போரின் பிறந்த நாள், தாயின் பெயர், முகவரி, தொலைபேசி எண் முதலியவை தீயோர் கைக்குச் சென்றால், பண மோசடிக்குத் துணையாகும். உயிரோடிருப்போர் செய்திகளைப் பிறர் காணாது மறைத்து வைக்கும் ஏற்பாடு இத்தளங்களில் உண்டு. எனினும், அவர்தம் இசைவு பெறாது எதையும் ஏற்றாதிருத்தலே நன்று. மறைந்தோரைப் பற்றி எழுதும்போதும், உள்ளவர் மனம் புண்படும் செய்தியை விலக்குதல் பண்பாடு. தளங்களும் நிலையானவை அல்ல. ஜெனி 2012-ஆம் ஆண்டில் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஆதலின், இணையத்தில் எழுதுவதை வீட்டில் ஒரு குறிப்பேட்டிலும் எழுதி வையுங்கள்.

இவை யாவற்றினும் பெரிய இடர் ஒன்று உண்டு. கொடிவழியைக் குலப்பெருமை பேசுதற்குரிய கருவியாக்குவதே அது. "எம் முன்னோர் ஆண்டவர், உம் முன்னோர் அடங்கியவர்" என்று பேசுவதற்காக மரம் வரைபவன், அம்மரத்தின் பொருளையே அறியாதவன். பத்தாம் படியில் ஆயிரம் பேர் நிற்கின்றனரே, அவர்களுள் ஏர் பிடித்தவர் எத்துணையர், கூலி செய்தவர் எத்துணையர், பஞ்சத்தில் ஊர்விட்டு ஊர் ஓடியவர் எத்துணையர்! அனைவரையும் ஒரு தாளிற் கண்டபின் ஒருவனுக்குச் செருக்குத் தோன்றுமா? மேலே செல்லச் செல்லக் கிளைகள் ஒன்றோடொன்று இணைகின்றன; அயலார் என்று எண்ணியவர் உறவாகின்றனர். உண்மையான கொடிவழி மாந்தரைப் பிரிப்பதன்று; சேர்ப்பது.

மாணவர்களே! இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, பட்டமும் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் ஓர் எழுதுகோலும், முதியோரிடம் அமர்ந்து கேட்கும் பொறுமையும் போதும். இணையம் அதற்குப் பின்னரே வருவது. பொங்கலுக்கோ குலதெய்வ வழிபாட்டிற்கோ பங்காளிகளும் மாமன் மைத்துனரும் கூடும் நாள், இதற்குப் பொருத்தமான நாள். எனினும், அந்நாள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டா. இன்று மாலையே வீட்டிலுள்ள மூத்தவரிடம் சென்று, அவரைப் பெற்றவளின் பெயரைக் கேளுங்கள். கேட்டதும் எழுதிக்கொள்ளுங்கள். நாளை கேட்கலாம் என்று நாம் தள்ளிவைத்த வினாக்களே, நம் நாட்டின் எழுதப்படாத வரலாறாக நிற்கின்றன.